வண்டி நிற்கும் இடமே சார்ஜர் இடம்

கேள்வி: பெற்றோல் செட்டுக்குள்ளேயே மின்சார வண்டிச் சார்ஜர் வைத்தால் வேலை முடிந்ததுதானே?
– ஆட்டோ உரிமையாளர், ஆரையம்பதி

பதில்: பெற்றோல் அடிக்க ஐந்து நிமிடம். 7 கிலோவாட் சார்ஜரில் 40 அலகு பற்றரி நிரம்ப ஆறு மணித்தியாலம். அவ்வளவு நேரமும் செட்டில் நின்று என்ன செய்வீர்கள், தம்பி? வண்டி எங்கே சும்மா நிற்கிறதோ அங்கேதான் சார்ஜர் வேண்டும். போதனா வைத்தியசாலை, கச்சேரி, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகம், பாசிக்குடா ஹோட்டல் முற்றம்.

கேள்வி: அப்படியானால் வேகச் சார்ஜரே தேவையில்லையா?
– வாசகி, செங்கலடி

பதில்: தேவை. முதலில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் உங்கள் சந்தியைத்தான் சொல்வேன். பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்கு, வாழைச்சேனை தாண்டித் திருகோணமலைக்கு, மஹாஓயா வழியாகப் பதுளைக்கு என்று மட்டக்களப்பிலிருந்து கிளம்பும் வண்டிகள் எல்லாம் செங்கலடிக்கு வந்துதான் போகின்றன. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடிக் களைத்து வருபவர் தேநீர் குடித்து எழும்பும் அரை மணி நேரத்தில், 50 கிலோவாட் சார்ஜர் இன்னும் நூறு கிலோமீற்றர் ஓடவிடும்.

ஆனால் 100 கேவிஏ மின்மாற்றி ஒன்றில் பாதியை அந்த ஒரு சார்ஜரே பிடித்துக்கொள்ளும். தனி மின்மாற்றி இல்லாமல் அதை வைத்தால், மாலையில் அக்கம்பக்கத்து வீடுகளில் மின்விசிறி மெதுவாகத்தான் சுற்றும். ஆகவே இடம் தேடுபவர்கள் காணியைப் பார்க்கும் முன் மின்கம்பத்தைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வாவிக்கரையில் வைத்தால் காற்றும் வாங்கலாம், சார்ஜும் போடலாமே?
– வாசகர், கல்லடி

பதில்: காற்று மட்டும் வாங்குங்கள். அதே காற்றின் உப்பு இணைப்புகளை அரித்துவிடும். மாரியில் முகத்துவாரம் வெட்டும்வரை தண்ணீர் வடியாத நிலங்களும் உண்டு; கிரான் புலிபாய்ந்தகல் வீதி மூழ்குவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? வெள்ளம் ஏறாத மேட்டு நிலம், அதிலும் உயர்த்திக் கட்டிய மேடை. இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

கேள்வி: வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைக்குச் சார்ஜர் எதற்கு? அங்கே எத்தனை பேரிடம் மின்சாரக் கார் இருக்கிறது?
– வாசகர், மட்டக்களப்பு நகர்

பதில்: காரை மட்டும் எண்ணித் திட்டம் போட்டால் படுவான்கரை என்றைக்கும் கடைசிதான். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அந்த மக்கள் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள்; இன்னொரு முறையும் அவர்களைக் காத்திருக்க வைப்பது அநியாயம். மின்சார மோட்டார் சைக்கிளுக்கு 50 கிலோவாட் எதற்கு? 15 அம்பியர் பிளக் போதும். கொக்கட்டிச்சோலைச் சந்தையிலும், வெல்லாவெளியில் கமநல சேவை நிலையத்திலும் கூரை போட்டு நாலைந்து பிளக் வையுங்கள். செலவு சொற்பம்.

கேள்வி: எந்த நேரம் சார்ஜ் போடுவது நல்லது?
– இல்லத்தரசி, காத்தான்குடி

பதில்: நேரக் கணக்கில் அறவிடும் கட்டணமென்றால் இரவு 10.30இலிருந்து காலை 5.30 வரை மலிவு. மாலை 6.30இலிருந்து 10.30 வரை தொடாதீர்கள். ஆனால் நாட்டுக்கு நல்ல நேரம் மத்தியானம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்தபோது, கூரைச் சூரிய மின்சாரத்தைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி அரசே கேட்டது. அந்த வெயிலை அலுவலக வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் வண்டிகளுக்குள் ஏற்றலாம். மத்தியானக் கட்டணத்தைக் குறைத்தால் எல்லோரும் ஏற்றுவார்கள்.

கேள்வி: இதில் நாங்கள் செய்யக்கூடியது என்ன?
– மாணவர், களுவாஞ்சிகுடி

பதில்: 2024 நவம்பர் வெள்ளம் உங்கள் ஊரில் எந்தச் சுவர்வரை ஏறியது, பகலில் வண்டிகள் எங்கே நீண்ட நேரம் நிற்கின்றன, இந்த இரண்டையும் எழுதிப் பிரதேச சபையில் கொடுங்கள். இடம் தெரிவாகும் முன் கொடுங்கள்.