பூக்கடை ரோஜாவா, பன்னீர் ரோஜாவா?

கேள்வி: பூக்கடையில் பார்க்கும் நீளக்காம்பு சிவப்பு ரோஜாவை மொட்டை மாடியில் வளர்க்க ஆசை. எந்த ரகம் வாங்கலாம்?
– ஒரு வாசகி, திருப்பத்தூர்

பதில்: அது பெரும்பாலும் ஓசூர்ப் பசுமைக்குடிலில் செல்லமாக வளர்ந்த ‘தாஜ்மகால்’ ரகம். சுமார் 900 மீட்டர் உயரக் குளுமைக்குப் பழகிய மகாராணியை, ஜவ்வாது மலையடிவாரத்துச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் கோபித்துக்கொள்வாள்!

நம் ஊருக்கு எட்வர்ட் ரோஜாதான் ஏற்ற மருமகள். பன்னீர் ரோஜா என்றும் விற்பார்கள். வெயில் தாங்கும், மணக்கும், குச்சி நட்டாலே வேர்விடும். துணைக்கு ஆந்திரா சிவப்பு. இரண்டும் தமிழகச் சமவெளியில் காலங்காலமாகப் பூப்பவை.

12 அங்குலத் தொட்டி, அடியில் துளை, செம்மண்ணோடு மணலும் மட்கிய தொழுவுரமும் போதும். தினமும் 6 மணி நேர வெயில் வேண்டும். காலையில் வேரடியில் தண்ணீர் விடுங்கள், இலையை நனைக்காதீர்கள். ஒட்டுச்செடி என்றால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையை உடனே கிள்ளுங்கள். சாப்பாட்டை அதுவே சாப்பிட்டுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கவாத்து செய்யத் தயங்காதீர்கள். வெட்டிய இடத்தில்தான் புதுத்தளிரும் பூவும் வரும்.

ஏலகிரியில் வீடிருந்தால் மகாராணியை அழையுங்கள். திருப்பத்தூரில் எட்வர்டையே நடுங்கள்.