கை வைக்குமுன்

கைக்குழந்தை விடாமல் வீறிட்டு அழுது, பால் குடிக்காமல் முதுகை வில்லாய் வளைத்தால், 1970களில் காரைக்காலில் எங்கள் தெருப் பெரியவர்கள் சொன்னது ஒன்றுதான்: “உரம் விழுந்திருக்கு.” பிள்ளை தூக்கத் தெரியாத யாரோ தூக்கிவிட்டார்கள் என்று முடிவாகும். உடனே தெருக்கோடி ஆயா வீட்டுக்கு ஆள் போகும்.

ஆயா வந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, முதலில் புறங்கையைக் குழந்தையின் நெற்றியிலும் வயிற்றிலும் வைத்துப் பார்ப்பார். யார் தூக்கியது, கடைசியாக எப்போது பால் குடித்தது, வெளிக்குப் போனதா என்று கேட்பார். பிறகு துவைத்து நைந்த நூல் புடவை ஒன்றை மடித்து விரிக்கச் சொல்வார். நடுவில் குழந்தை. இரண்டு பெண்கள் இருபுறமும் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி ஏற்றி இறக்க, குழந்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக மெல்ல உருளும். அடுத்து ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் குப்புறப் போட்டு, விளக்கெண்ணெய் தொட்ட கட்டைவிரல்களால் முதுகுத்தண்டின் இருபுறமும் கீழிருந்து மேலாக வழிப்பார். அழுகை தேம்பலாகும், தேம்பல் தூக்கமாகும். வெற்றிலை பாக்கும் ஒரு படி அரிசியும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் நெற்றியில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தார். “இது உரமில்ல. உடம்பு அனலாக் கொதிக்குது, உச்சி பொங்கி நிக்குது. நான் கை வைக்க மாட்டேன். பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுங்கடி!” எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் செய்த வைத்தியங்களிலேயே உயர்ந்ததாக நான் நினைப்பது, செய்ய மறுத்த இந்த வைத்தியத்தைத்தான்.

நாங்கள் தாயானபோது, உரம் எடுப்பது, மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கிலும் காதிலும் ஊதுவது எல்லாவற்றையும் குழந்தை டாக்டர்கள் ஒரே மூச்சில் நிறுத்தச் சொன்னார்கள். நியாயம்தான். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். கழுத்து நிற்காத பிள்ளையைப் புடவையில் உருட்டுவதை இன்று யார் செய்தாலும் நான் தடுப்பேன். ஆனால் அந்த அவசரத்தில் எண்ணெய் தேய்ப்பும் கால்மேல் குளிப்பாட்டலும் சேர்ந்தே போயின. வெந்நீர் பதம் பார்க்கத் தெரிந்த கைகள் வீட்டைவிட்டுப் போனதுதான் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

நாங்கள் கைவிட்டதை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரெஞ்சு மருத்துவர் ஃப்ரெடெரிக் லெபுவாயே, கல்கத்தாவில் ஒரு தாய் தன் பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு எழுதிய ‘ஷாந்தலா’ 1976இல் வந்தது. பத்து ஆண்டு கழித்து, மயாமி பல்கலைக்கழகத்தில் டிஃப்பனி ஃபீல்டும் அவருடைய சகாக்களும் குறைமாதக் குழந்தைகளை நாள்தோறும் நீவிவிட்டுப் பார்த்தார்கள். நீவப்படாத குழந்தைகளைவிட நாளொன்றுக்கு 47 சதவீதம் கூடுதலாக அவை எடை போட்டன. இரண்டு பக்கமும் குடித்த பாலின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான்.

இப்போது என் மகள் பாரிஸ் புறநகரில் இருக்கிறாள். பேத்தி பிறந்த சில வாரங்களில், “அம்மா, பாப்பாவுக்கு ஆஸ்தெயோகிட்ட ரான்தெவூ வாங்கிட்டேன், நீங்களும் வாங்க” என்றாள். ஆஸ்தெயோ என்றால் எலும்பையும் தசையையும் கையால் தொட்டு வைத்தியம் பார்க்கும் ஆஸ்டியோபதிக்காரர்; ரான்தெவூ என்றால் முன்பதிவு. அங்கே இது சகஜம். பிறந்த குழந்தையை ஆஸ்டியோபதிக்காரரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும் என்று தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அறுபது யூரோ. அரசின் மருத்துவக் காப்பீட்டில் இந்தப் பணம் திரும்பி வராது.

ஆஸ்டியோபதிக்காரர் ஒரு பெண். எங்களை உட்கார வைத்து நிதானமாகக் கேட்டார். ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளையா? எந்தப் பக்க மார்பில் குடிக்க அடம்பிடிக்கிறது? தூங்கும்போது தலை எப்பக்கம் சாய்கிறது? மகள் எல்லாவற்றையும் சொன்னாள். பிரசவத்துக்குப் பின் இவ்வளவு நேரம் அவள் பேச்சை ஒருவர் குறுக்கிடாமல் கேட்டது அதுதான் முதல்முறை என்று நினைக்கிறேன். பிறகு அவர் டாக்டரின் சான்றிதழைக் கேட்டு வாங்கினார். பிரான்ஸில் 2007ஆம் ஆண்டு அரசாணைப்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் தலையிலும் முகத்திலும் முதுகெலும்பிலும் ஆஸ்டியோபதிக்காரர் கை வைக்க வேண்டுமானால், தடையேதும் இல்லை என்று டாக்டர் எழுதித் தந்திருக்க வேண்டும். எங்கள் ஆயாவின் புறங்கை பார்த்த வேலையை இங்கே ஒரு காகிதம் பார்க்கிறது. இதற்காகவே அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன்.

இந்த வைத்தியத்தைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் அமெரிக்க மருத்துவர். 1864இல் மூளைக்காய்ச்சலுக்குத் தன் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தவர். அன்றைய மருந்துகளில் நம்பிக்கையிழந்து வேறு வழி தேடி, 1892இல் மிசூரியின் கர்க்ஸ்வில்லில் பள்ளி தொடங்கினார். அவர் துக்கத்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. மண்டையோட்டு எலும்புகள் ஒரு தாளத்தில் அசைகின்றன, அதை விரலால் உணரலாம் என்றவர் அவர் வழியில் வந்த வில்லியம் சதர்லாண்ட். பேத்தியின் பிடரிக்கடியில் இரு நடுவிரல்களை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பெண் தேடியது அதைத்தான். ஆனால் ஒரே தலையை இருவர் தொட்டு எண்ணிப் பார்த்த சோதனைகளில் ஒருவர் எண்ணிக்கை மற்றவருடையதோடு ஒத்துப்போகவில்லை. அழுகைக்கான கை வைத்தியங்களைப் பற்றி 2012இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்த ஆய்வுகள் ஆறு, குழந்தைகள் மொத்தம் 325. அழுகை குறைந்ததாகத்தான் பெரும்பாலானவை சொல்கின்றன. ஆனால் அழுத நேரத்தைக் குறித்து வைத்தவர்களில் பலர், பிள்ளைக்கு வைத்தியம் நடந்ததை அறிந்த பெற்றோரே. காரணம் தெரியாத இந்த அழுகை ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானே அடங்குவது. ஆயாவிடம் போன பிள்ளைக்கும் அடங்கியது, போகாத பிள்ளைக்கும் அடங்கியது.

பேத்தி வலப்பக்கமே தலையைத் திருப்பியிருந்தாள். பின்மண்டை ஒருபக்கம் தட்டையாகத் தொடங்கியிருந்தது. அதை அந்தப் பெண்ணும் கவனித்துச் சொன்னார், இலவசமாகப் பார்க்கும் தாய்சேய் நல மையத்து டாக்டரும் சொன்னார். டாக்டர் கினேவுக்கு, அதாவது பிசியோதெரபிக்கு, எழுதிக் கொடுத்தார். கழுத்துத் தசை இறுக்கத்துக்கு அந்தப் பயிற்சி பலன் தரும் என்பதில் சந்தேகமில்லை. தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்கத்தான், விழித்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருந்து குப்புறப் போடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். காலை நீட்டி உட்கார்ந்து பேத்தியை என் முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டுக் காட்டினேன். மகள் தானும் செய்து பார்த்தாள்.

“ஆஸ்தெயோகிட்ட இன்னொரு தடவை போகட்டுமாம்மா?” என்றாள். “உன் மனசு கேட்கலைன்னா போ. காய்ச்சலடிச்சா மட்டும் அங்க போகாத, நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடு. கினேவை ஒரு வாரம்கூடத் தவறவிடாத. சாயங்காலம் குளிப்பாட்ட நான் இருக்கேன், நீ போய்க் கொஞ்சம் படு” என்றேன்.