ஆல்டர் அண்ணன்

மதுரைப் பக்கம் காடு குறைவு. யானைமலையும் நாகமலையும் பாறை. அவற்றைச் சுற்றிக் கிடப்பது கண்மாய், வரப்பு, வாழை, செங்கல் சூளை. ஆனாலும் ஏதாவது ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 ஒன்றை மட்கார்டு, இண்டிகேட்டர், சைடு கவர் எல்லாம் கழற்றி ‘ஆல்டர்’ பண்ணி, உரித்த கோழி மாதிரி நிறுத்தி வைத்துக்கொண்டு, "காட்டு ரேஸுக்கு ரெடி பண்றோம் மாப்ள" என்று சொல்கிற ஓர் அண்ணன் இருப்பார். அவர் காடு என்பது வற்றிய கண்மாய்க்குள் மண்டிக் கிடக்கும் சீமைக் கருவேலத்தை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2017இல் அகற்றச் சொன்ன மரம் அது. கோர்ட்டு ஒழிக்கச் சொன்ன காட்டை நம்பி வண்டி கட்டுகிறவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இடத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. மரத்துக்கு மரம் ஒடித்துத் திருப்பி, மணலில் புதைந்து எழுந்து, கரையேறி இறங்கும் பந்தயத்துக்கு வேண்டியதெல்லாம் கண்மாய்க்குள் இருக்கிறது, முள் மட்டும் உபரி. தப்பு வண்டியில்தான். பந்தயம் என்று பேர் சொல்லி, அவர் காதுக்கு வண்டி கட்டுகிறார்.

முதலில் கைவைப்பது சைலன்சர். நடுவயிறு பருத்து வால் சிறுத்த குழாய் ஒன்று வருகிறது. இது மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த வயிறு சும்மா இல்லை. வெளியேறும் புகையின் அலை அதில் மோதித் திரும்பி வந்து, புகையோடு நழுவப் பார்க்கும் பெட்ரோலைச் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. ஆனால் அந்த அலை சரியான நேரத்துக்குத் திரும்பி வருவது குறிப்பிட்ட சுற்று வேகத்தில் மட்டுமே. அண்ணன் வாங்கும் குழாய்க்கு அது உச்சியில் இருக்கிறது. அது போதாதென்று லேத்துக்காரரிடம் கொடுத்து எக்ஸாஸ்ட் போர்ட்டை மேலே உயர்த்துகிறார். சக்தி இன்னும் மேலே ஏறுகிறது. கம்பெனி கொடுத்தபோதே அந்த 98 சி.சி. எஞ்சின் தன் 11 குதிரைத்திறனை எட்டுவது நிமிடத்துக்கு 7,500 சுற்றில். கருவேலத்துக்குள் சைக்கிள் வேகத்தில் ஊர்கிறவனுக்கு அந்த உயரம் எதற்கு? கீழே எஞ்சின் தூங்குகிறது. கொஞ்சம் முறுக்கினால் வாடிவாசல் திறந்த மாதிரி பாய்கிறது. அலங்காநல்லூரில் காளைக்கு முன்னால் திடல் இருக்கிறது. இங்கே இரண்டு முழத்தில் மரம். வேண்டியது அடிமட்டத்து இழுவை. அதற்கு வழியும் எளிது. முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல்லை 13 ஆக்கினால், பின்னால் 39 பல்லை 42 ஆக்கிய பலன். சில்லறைச் செலவு, அரை மணி வேலை. சொல்லிப் பாருங்கள்: "அப்புறம் டாப் போயிரும்ல?" என்பார். டாப் ஸ்பீடு போகும்தான். கண்மாய்க்குள் அதை எங்கே வைத்துப் பார்ப்பது என்று மட்டும் கேட்கக் கூடாது.

"டூ ஸ்ட்ரோக்குன்னாலே சத்தம்தாண்ணே" என்பது அவர் தரப்பின் பெரிய வாதம். பாதி நியாயம். ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும்போது இது சுற்றுக்குச் சுற்று வெடிக்கிறது. ஹெட்டில் வால்வு கிடையாது, எடை குறைவு, அரமும் லேத்தும் இருந்தால் தெரு மெக்கானிக்கே திறந்து மூடலாம். 1996இல் உற்பத்தி நின்ற வண்டி இன்னும் ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்பது இதனால்தான். காட்டுக்கு டூ ஸ்ட்ரோக்கைத் தேர்ந்தது அவருடைய நல்ல புத்தி, அதைக் கத்தவிட்டது அவருடைய ஆசை.

சரியான டூ ஸ்ட்ரோக் காட்டு வண்டி இந்தச் சமவெளியில் என்றோ ஓடிவிட்டது. மதுரையில் வேர்விட்ட டி.வி.எஸ். குடும்பத்துக் கம்பெனி 1980இல் ஓசூரிலிருந்து இறக்கிய டி.வி.எஸ்.50 அது. இருபுறமும் கேன் தொங்க, விடிகாலை இருட்டில், சேறான கண்மாய்க் கரையில் பால்காரர் ஓட்டிய ஓட்டத்துக்குக் கோப்பை கொடுக்க ஆளில்லை. கியர் கிடையாது, தானே பிடித்துத் தானே விடும் கிளட்ச், ஆகவே எந்தத் திருப்பத்திலும் எஞ்சின் அணையாது. அமெரிக்காவில் காட்டுப் பந்தயம் ஓடுகிறவர்கள் தானே பிடிக்கும் கிளட்சைத் தனிக்காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறார்கள் என்றால் அண்ணன் நம்பமாட்டார். "அதுல ஒரு மரக்கட்டை தாண்ட முடியுமாண்ணே, அடி தட்டும்ல?" என்பார். தட்டும். ஷாக்கும் பத்தாது. அந்த இரண்டையும் சரிசெய்யத்தான் அவருடைய திறமை தேவை. அவரோ திறமையை வைத்துக்கொண்டு புகைக்குழாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒர்க்‌ஷாப்பிலிருந்து கண்மாய் வரை ரோட்டில்தான் போயாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, வண்டியை விதிக்குப் புறம்பாக மாற்றினால் மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஹேண்டில்பார், சைலன்சர், பின்பக்கம் அறுத்த சேஸிஸ் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனால், அபராதமும் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே அண்ணே, பழைய சைலன்சரைத் தேடி மாட்டுங்கள். முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். மிச்சக் காசில் இரண்டு டியூபும் ஒரு கைப்பம்பும் வாங்கி வையுங்கள். கருவேல முள்ளுக்கு எந்த வண்டியும் ஒன்றுதான்.