விறகு வெப்பத்துக்கு நிலுவைத் தொகை கோரும் விண்ணப்பம்

பெறுநர்: செயலாளர், புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம், புது தில்லி.

பொருள்: கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை அடுப்புகளுக்குச் சேர வேண்டிய ஊக்கத்தொகை தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

2010 ஜனவரியில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய ஆற்றல் திட்டத்தின்கீழ், வெயிலில் காயும் தகடுகளின் அல்லது கண்ணாடிக் குழாய்களின் வழியாக நீரைச் சூடாக்கித் தொட்டியில் சேர்த்துவைக்கும் சூரிய வெந்நீர்க் கலனுக்கு, விலையில் 30 சதவீதம் வரை மூலதன மானியம் வழங்கி, 2014இல் அதை நிறுத்திக்கொண்ட அமைச்சகத்துக்குக் கல்வராயன் மலை நன்றி தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளது. மானியம் என்றாலே முறைகேடும் உடன்வரும் என்பது உலக வழக்கமாக இருக்க, இம்மலையின் கூரை வீடுகளில் அத்திட்டத்தின் பெயரால் முறைகேடு செய்யவே வழியில்லாதபடி விதிகள் அமைந்தது எளிய சாதனையன்று.

இதற்குக் காரணம் இயற்பியலே எனலாம். மோட்டார் உதவியின்றி இயங்கும் கலனில், கனத்த குளிர்நீர் கீழிறங்க, சூடேறி இலகுவான நீர் தானாகவே மேலெழுகிறது. ஆதலால் வெந்நீர்த் தொட்டி தகடுகளுக்கு மேலும், அதற்கு நீர் ஊட்டும் தண்ணீர்த் தொட்டி அதனினும் மேலும் அமைந்தாக வேண்டும். அதாவது, மானியம் பெற விரும்புவோர் முதலில் கான்கிரீட் மாடியும், மாடிமேல் தொட்டியும், தொட்டிக்கு நீரேற்றும் வசதியும், எஞ்சிய 70 சதவீத விலையைக் கட்டும் பணமும் உடையவராக இருத்தல் வேண்டும். (இத்தனையும் உடையவர் வீட்டில் மார்கழிக் காலையில் கீசர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் என்பது வேறு செய்தி.) ஊற்றிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வரும் மலையாளிப் பழங்குடிக் குடும்பம் அந்தக் குடத்தை எவ்வளவு உயரத்தில் வைத்தால் விதி நிறைவேறும் என்பதை அமைச்சகம் தெளிவுபடுத்தவில்லை.

எனினும், அரசு இம்மலையை அவசரப்படுத்தியதாக எவரும் குறைகூற முடியாது. ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. மாவட்டத் தலைநகர் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நெருங்கி வர 2019 ஆயிற்று. இடையில், 1980களின் தொடக்கத்தில் நாடு முழுவதும் மானியத்தோடு புகையில்லா அடுப்புகளைப் பரப்பிய தேசியத் திட்டம், புகைபோக்கி அடைத்து அடுப்பு விரிசல் விட்டபின் பழுதுபார்க்க ஆளில்லாத நிலையில், 2002இல் கைவிடப்பட்டது. 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டமோ கூரைமேல் மூன்று கிலோவாட் சூரிய மின்தகடுகள் நிறுவுவோருக்கு 78,000 ரூபாய் தருகிறது. அதுவும் மின்சாரத்துக்கே அன்றி வெப்பத்துக்கு அன்று, அதற்கும் அந்தக் கூரை தகடுகளைத் தாங்கவல்லதாக இருந்தாக வேண்டும்.

அமைச்சகத்தின் பெருமை வட அயர்லாந்தோடு ஒப்பிடுகையில் இன்னும் விளங்கும். 2012இல் அங்கே தொடங்கிய புதுப்பிக்கத்தக்க வெப்ப ஊக்கத்திட்டம், மரத்துண்டுகளை எரிக்கும் கொதிகலன்களுக்கு, உண்டாக்கும் வெப்பத்தின் ஒவ்வொரு அலகுக்கும் பணம் தந்தது. அத்தொகை எரிபொருளின் விலையைவிட மிகுந்திருந்ததோடு, ஐக்கிய இராச்சியத்தின் பிற பகுதிகளில் இருந்ததுபோல், குறிப்பிட்ட அளவுக்குமேல் வீதத்தைக் குறைக்கும் படிநிலையும் அங்கே இல்லாததால், எவ்வளவு எரிக்கிறாரோ அவ்வளவு இலாபம் என்றாயிற்று. வெற்றுக் கொட்டகைகள் சூடாக்கப்படுவதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2016இல் புதியவர்களுக்குத் திட்டம் மூடப்பட்டது. 2017 ஜனவரியில் ஆட்சியே கவிழ்ந்து, மூன்று ஆண்டுகள் மீளவில்லை. அவர்கள் உச்சவரம்பு வைக்க மறந்தார்கள். இங்கோ கீழ்வரம்பு மறக்கப்படவேயில்லை, அது மாடி உயரத்தில் நிற்கிறது.

ஆனால் வட அயர்லாந்துத் திட்டம் ஒரு கோட்பாட்டை ஐயத்துக்கிடமின்றி நிறுவியுள்ளது: மர எரிபொருளின் வெப்பமும் புதுப்பிக்கத்தக்கதே, அதை உண்டாக்குவோர் ஊக்கத்தொகைக்கு உரியவரே. இக்கோட்பாட்டின்படி, சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாய் இறக்கி, மூன்று கல் அடுப்பில் சாமையும் குளிக்க நீரும் காய்ச்சும் கல்வராயன் பெண்கள் தலைமுறைகளாக இவ்வெப்பத்தை உண்டாக்கி வருவதால், அவர்களுக்குரிய நிலுவையை வட்டியோடு வழங்குமாறு கோரப்படுகிறது. வெப்பத்தை அளக்கும் மானி இல்லையே என ஆட்சேபம் எழுமாயின், கழுத்து நோவையும் கண் எரிச்சலையும் சான்றாக ஏற்கலாம். மேலும், காப்புக்காட்டில் அனுமதியின்றி விறகு எடுப்பது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றமாதலால், நிலுவையிலிருந்து அபராதத்தைக் கழித்துக்கொள்வதா அன்றி அபராதத்துக்கும் மானியம் தருவதா என்பதை அமைச்சகமும் வனத் துறையும் கூடிப் பேசி முடிவுசெய்யலாம்.

நிலுவைக்கு நிதி இல்லையெனில், குறைந்தபட்சக் கோரிக்கை ஒன்று உண்டு. இம்மலையின் அரசுப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளின் கட்டடங்கள் அரசுக்கே சொந்தமானவை; அங்கே கான்கிரீட் கூரை உண்டு, குளிர்காலத்தில் குளிக்க வேண்டிய பிள்ளைகளும் உண்டு. அவற்றில் வெந்நீர்க் கலன்களை முழுச் செலவில் நிறுவி, பழுதுபார்க்க மலையிலேயே ஓர் ஆளைச் சம்பளத்தோடு அமர்த்தி, அடுத்த மார்கழிக்குள் முடித்துத் தருமாறு வேண்டப்படுகிறது.

இங்ஙனம்,
கல்வராயன் மலை அடுப்படிகள் சார்பாக.