பொருந்த வைக்கும் மாஸ்டர்

யாங்கோன் அனவ்ரட்டா சாலையில் 1871-இல் தமிழர்கள் கட்டிய ஸ்ரீகாளி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தடுக்கி விழுந்தால், ஏதாவது ஒரு கம்ப்யூட்டர் மாஸ்டர் மேல்தான் விழ வேண்டும். கடை கிடையாது, பெயர்ப்பலகை கிடையாது. கட்டம் போட்ட லுங்கி, சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர், கடைவாயில் வெற்றிலை. இந்த மூன்றும் இருந்தால் மாஸ்டர்.

லிஃப்ட் இல்லாத பழைய கட்டடங்கள். பேப்பர் போடுகிறவருக்காகப் பால்கனியிலிருந்து தொங்கும் கயிற்றுக் கிளிப்பில் ஒரு துண்டுச் சீட்டு இறங்கும்: "அண்ணே, கம்ப்யூட்டர் ரொம்பச் சூடாவுது. கொஞ்சம் வந்து பாருங்க." சீட்டைப் படித்து முடிப்பதற்குள் மாஸ்டர் இரண்டாம் மாடியைத் தாண்டியிருப்பார்.

கவனிக்க வேண்டும்: கூப்பிட்டது சூட்டுக்கு. சத்தம் அதுவரை நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது.

மாஸ்டரைக் குறை சொல்லுமுன் ஊரின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவது நியாயம். 1970 டிசம்பரில் பர்மாவில் வண்டிகள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறின. ஸ்டியரிங் மாறவில்லை. வலப்பக்கம் ஸ்டியரிங் வைத்த கார்கள் வலப்பக்கச் சாலையிலேயே பல்லாண்டு ஓடின. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த பஸ்களில் கதவு நடுச்சாலையைப் பார்த்திருந்தது. அதற்கும் முன்பே, அறுபதுகளில் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் வெளிநாட்டு உதிரிபாகம் குதிரைக்கொம்பாகிவிட்டது. இருப்பதைத் தட்டி, நிமிர்த்தி, இதை அதில் மாட்டி ஓட்டிய தலைமுறையின் பேரன் நம் மாஸ்டர். "பொருந்தாது" என்ற சொல்லை அந்தக் குடும்பத்தில் கல்யாணத் தரகர்கூடச் சொன்னதில்லை.

சிபியூவின் மூடி கழன்றது. மாஸ்டர் தூசியைத் தட்டினார். விசிறியைக் கழற்றி, சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட்டைச் சுரண்டினார், புதிதாகத் தடவினார். அதுவரை குற்றமில்லை. வழியில் இருக்கிறது என்று எல்லா ஒயர்களையும் பிடுங்கி ஒரு பக்கமாகப் போட்டிருந்தார். மறுபடி செருகும் நேரத்தில் கரண்டு போனது. முறை வைத்துக் கரண்டு வரும் ஊர், யாரும் அதிர்ச்சி அடையவில்லை. வீட்டுப் பெண் செல்போன் டார்ச்சைப் பிடித்தாள்.

மதர்போர்டின் கீழ் ஓரத்தில் இரண்டு முள்கூட்டங்கள் இருக்கின்றன. இரண்டிலும் பத்துப் பின்னுக்கான இடம், ஒன்பது பின்கள். ஒன்று முன்பக்க யுஎஸ்பிக்கு, மற்றது முன்பக்க ஹெட்போனுக்கும் மைக்குக்கும். யுஎஸ்பியில் மூலையில் ஒரு பின் இருக்காது. ஆடியோவில் மூலைக்கு அடுத்த வரிசையில் ஒன்று இருக்காது. மாற்றிச் செருகினால் உள்ளே போகக்கூடாது என்பதற்காக வேண்டுமென்றே விட்ட குறை அது.

உள்ளே போகாததைப் போகவைப்பதுதான் மாஸ்டரின் பரம்பரைத் தொழில். யுஎஸ்பி ஒயரை ஆடியோ பின்களின் மேல் வைத்து அழுத்தினார். லேசாக ஒரு 'நறுக்'.

"என்ன மாமா சத்தம்?"

"லாக் ஆவுதும்மா."

போகாது என்று தெரிந்ததும் ஒயர்களை இடம் மாற்றி மாட்டினார். ஆனால் மூலைப் பின் அதற்குள் சாய்ந்து, பக்கத்துப் பின்னைத் தொட்டபடி நின்றுவிட்டது. கரண்டு வந்தது. சூடு போயிருந்தது. சத்தமும் போயிருந்தது.

"அண்ணே, சீரியல்ல வாய் மட்டும் அசையுது. பேச்சு வரலையே?"

"வரும் தங்கச்சி. புதுப் பேஸ்ட் போட்டிருக்குல்ல, செட்டாகணும்."

இதுதான் மாஸ்டரின் கலை. எந்தக் கோளாறுக்கும் அவரிடம் ஒரு காரணம் தயார். அந்தக் காரணத்தில் அவர் மட்டும் இருக்கமாட்டார். மறுநாள் குற்றவாளி ஸ்பீக்கர் ஒயர். அதற்கடுத்து வோல்டேஜ்: "கரண்டு விட்டு விட்டு வருது, சவுண்டு சிப்பு பயந்துபோச்சு." கடைசியில் எல்லா ஊர் மாஸ்டர்களுக்கும் பொதுவான தீர்ப்பு: "விண்டோஸ் மாத்தணும்." மாற்றினார். சத்தம் வரவில்லை. வளைகாப்புப் படங்கள் மட்டும் போயின. கூலி வாங்குவதில்லை என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கிண்ணம் மொஹிங்கா நூடுல்ஸ், ஒரு டீ. நான்காம் நாள் இரண்டு கிண்ணம்.

அன்று டார்ச் பிடித்த பெண்ணுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பாட்டு ஓடும்போது திரையில் பச்சைப் பட்டை துள்ளுகிறது. அப்படியானால் டிரைவருக்கும் விண்டோஸுக்கும் நோயில்லை, பாட்டு எங்கோ போய்க்கொண்டுதான் இருக்கிறது. எங்கே? அந்த ஒன்பது பின்களில் சில பாட்டைக் கொண்டுபோகும். சில, முன்பக்க ஓட்டையில் ஹெட்போன் இருக்கிறதா என்று உளவு சொல்லும். சாய்ந்த பின் உளவைக் குழப்பிவிட்டது. இல்லாத ஹெட்போன் இருப்பதாக நம்பிய கம்ப்யூட்டர், மரியாதையாகப் பின்பக்க ஸ்பீக்கரை அடக்கிவிட்டு, இல்லாத காதுக்கு நாலு நாளாக சீரியல் கேட்பித்துக்கொண்டிருந்தது.

ரியல்டெக் ஆடியோ அமைப்பைத் திறந்து, முன்பக்க ஜாக்கைக் கண்டறிய வேண்டாம் என்ற கட்டத்தில் அவள் ஒரு டிக் போட்டாள். அவ்வளவுதான். மாமியார் மருமகளைத் திட்டும் குரல் நாலு மாடிக்கும் கேட்டது. பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய ஊசியால் பின்னை நிமிர்த்தியும் வைத்தாள்.

ஒருவகையில் வீட்டாருக்கு அதிர்ஷ்டம். மாஸ்டர் பிராசசரைத் தூக்கிப் பார்க்கவில்லை. இன்டெல் 2004-இல் கொண்டுவந்த எல்ஜிஏ 775 முதல், அந்நிறுவனத்தின் டெஸ்க்டாப் ரகத்தில் பின்கள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டிலேயே இருக்கின்றன. அதில் மட்டும் 775, ஒவ்வொன்றும் மயிரிழை. அங்கே ஒரு 'லாக்' ஆகியிருந்தால் மெமரியில் பாதி காணாமல் போகலாம், கம்ப்யூட்டரே கண் திறக்காமலும் போகலாம். அதற்கும் மாஸ்டரிடம் காரணம் இருந்திருக்கும் என்பது வேறு விஷயம்.

சத்தம் கேட்டு மாஸ்டரே மேலே வந்துவிட்டார். பெண் நடந்ததை விளக்கினாள். டிக்கையும் காட்டினாள், ஊசியையும் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். பிறகு அவள் அம்மாவிடம் திரும்பினார்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே தங்கச்சி, பேஸ்ட் செட்டாக நாலு நாள் ஆகும்னு."

அம்மா மூன்றாவது கிண்ணத்தை எடுக்க உள்ளே போனார்.