நாலரை, எட்டு, பத்து

கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்ப்பார்கள். பழைய காமிக்ஸ் சேகரிப்பவர் பரணைப் பார்ப்பார். வீட்டில் பரண் உண்டா, பரணில் தகரப் பெட்டி உண்டா, அந்தப் பெட்டிக்குச் சொந்தக்காரப் பையன் எழுபதுகளிலோ எண்பதுகளிலோ பள்ளிக்கூடம் போனவனா என்று மூன்றே கேள்விகள்தான் கேட்பார். மூன்றுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்துவிட்டால், பந்தியில் பாயசம் வருவதற்குள் ஏணி கேட்டிருப்பார்.

வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வங்கியிலோ மின்வாரியத்திலோ கௌரவமான உத்தியோகம். சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். எதற்கு என்று கேட்டால், "மாத்திரை அட்டையில தேதி பார்க்க" என்பார். நம்பாதீர்கள். பேப்பரில் ராமபாணப் பூச்சி போட்ட ஓட்டையைத் தேடுகிற கண்ணாடி அது.

அவரிடம் கதையைப் பற்றி மட்டும் பேசிவிடக் கூடாது. "சின்ன வயசுல இரும்புக்கை மாயாவி படிச்சிருக்கேன் சார். கரண்ட்டைத் தொட்டா உடம்பெல்லாம் மறைஞ்சு, இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியுமே!" என்று நீங்கள் உருகினால், "அது கிடக்கட்டும். அட்டை இருக்கா? பின் துருப்பிடிச்சிருக்கா? நடுப்பக்கம் கழண்டிருக்கா?" என்பார். வரலாறெல்லாம் விரல் நுனியில் இருக்கும். முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து 1972இல் அந்த மாயாவியோடுதான் கிளம்பியது என்பார். பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் வந்த தொடர்தான் அதற்கு மூலம் என்பார். லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே மாதத்தில், 1984 ஜூலையில், பிறந்தன. லயனில் மாடஸ்டி, ராணியில் ஜேம்ஸ் பாண்ட். அந்த ஜூலையைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுக்கும். தம்முடைய கல்யாணம் எந்த மாதம் என்பதை மட்டும் மனைவியிடம் கேட்டுத்தான் சொல்வார்.

அவருடைய வேதம் அமெரிக்காவில் எழுதப்பட்டது. 1970இல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் பழைய காமிக்ஸுக்கு விலைப்பட்டியல் போட்டு ஒரு புத்தகம் வெளியிட்டார். 2000இல் சி.ஜி.சி. என்கிற நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு காமிக்ஸுக்கு மார்க் போட ஆரம்பித்தது. அரையில் தொடங்கிப் பத்து வரைக்கும் மார்க் உண்டு. போட்டு முடித்ததும் புத்தகத்தைக் கெட்டியான பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடிவிடுவார்கள். அதன்பின் யாரும் அதைப் புரட்டிப் படிக்க முடியாது. கூட்டை உடைத்தால் மார்க் போயிற்று. சூப்பர்மேன் முதல் தடவை தலைகாட்டிய 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 1938 ஜூன் மாதத் தேதியோடு பத்து சென்ட்டுக்கு விற்றது. அதில் ஒன்பது மார்க் வாங்கிய பிரதி ஒன்று 2014இல் 32 லட்சம் டாலருக்கும் மேலே போனது. 2024இல் எட்டரை மார்க் பிரதி ஒன்று 60 லட்சம் டாலரைத் தொட்டது.

இந்தக் கணக்கைக் காலைக் காப்பியின்போது மனைவிக்கு அவர் விளக்குவார். "பாரு, வெறும் பத்து சென்ட் புக்கு!"

"அது சரிங்க. நேத்து கூரியர்ல வந்துச்சே, அது எவ்வளவு?"

அவ்வளவுதான். கரண்ட்டைத் தொட்ட மாயாவி மாதிரி ஆள் மறைந்துவிடுவார். செய்தித்தாளைப் பிடித்திருக்கும் கை மட்டும் தெரியும்.

சிவகாசியில் அச்சான புத்தகத்தை அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க் வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே அந்தப் பொறுப்பை அவரே தலைமேல் போட்டுக்கொண்டார். பரிசோதனைக்கு முன் சோப்புப் போட்டுக் கை கழுவுவார். ஈரம் காயும் வரை இரண்டு கையையும் ஆசீர்வதிப்பதுபோல் தூக்கி வைத்திருப்பார். ஃபேனை நிறுத்தச் சொல்வார். முதலில் புத்தகத்தின் முதுகு. பின் அடித்த இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் அரை மார்க் போகும். அடுத்தது பின். கடலோர ஈரக்காற்றில் பின் துருப்பிடிக்கும். துரு தாளைத் தின்னும். நடுப்பக்கம் தனியாகக் கழன்று வரும். அப்புறம் தாள். மரக்கூழில் செய்த நியூஸ்பிரிண்டில் லிக்னின் என்று ஒரு சரக்கு இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கிவிடும். நாளாக நாளாக மடித்த இடத்தில் முறியும். கடைசியாக மோந்து பார்ப்பார். அந்துருண்டை வாசனை என்றால் நல்ல குடும்பத்தில் வளர்ந்த புத்தகம். வேறு வாசனை எதுவானாலும் சமையற்கட்டு.

இவ்வளவும் உலகப் பொதுவிதி. தமிழ்நாட்டுக்கென்றே சில குற்றங்கள் இருக்கின்றன. அவற்றுக்குச் சட்டப் பிரிவுகளை அவரேதான் எழுதிக்கொண்டார்.

முதல் குற்றம், பைண்டிங். ஒரு வருஷத்து இதழ்களை ஒன்றாகச் சேர்த்து, "அட்டை எதுக்கு, தடிமனாயிடும்" என்று முன்னட்டைகளைக் கிழித்துப் போட்டு, மெஷினில் மூன்று பக்கமும் சீவி, காலிகோ ஒட்டி, 'தொகுதி 2' என்று எழுதிய அப்பாக்கள் இருந்தார்கள். பிள்ளைமேல் இருந்த பாசத்தில் செய்தார்கள். அப்படியொரு தொகுதியைப் பார்த்தால் நம்மவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் மௌனமாக நிற்பார். பிறகு மூன்று மார்க்கைக் குறைப்பார்.

இரண்டாவது, லெண்டிங் லைப்ரரி. பிரிந்துபோகாமல் இருக்கச் சாக்கு ஊசியால் தைத்திருப்பார்கள். திருடு போகாமல் இருக்கப் பத்துப் பக்கத்துக்கு ஒன்றாக ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருப்பார்கள். வில்லன் சரியாகத் துப்பாக்கியை நீட்டுகிற இடத்தில் ஊதா மையில் கடை விலாசம் இருக்கும். மூன்றாவது, செலோடேப். கிழிசலை மூடப் போய், டேப் உதிர்ந்து, பசை மட்டும் பழுப்புக் கறையாகத் தங்கிவிடும். நான்காவது, சொந்தக்காரன் கையெழுத்து. 'இப்புத்தகம் ஏழாம் வகுப்பு ஆ பிரிவைச் சேர்ந்த' என்று அட்டையில் தொடங்கி, உள்ளே கதாநாயகிக்கு மீசையும் கதாநாயகனுக்குப் பொட்டும் வைத்து முடித்திருப்பான் பையன். கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு ஸ்கெட்ச் பேனாவில் வண்ணம் தீட்டியிருந்தால் அதற்குத் தனி அபராதம்.

இப்படி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் என்ன மார்க் வரும்? புத்தகம் எதுவாக இருந்தாலும் நாலரைதான் வரும். அதாவது, அவர் வாங்குகிற பக்கம் நின்றால்.

திருவல்லிக்கேணி பாரதி சாலையின் நடைபாதைக் கடையில் ஞாயிற்றுக்கிழமை காலை அவரைப் பார்க்க வேண்டும். கைக்குள் இருப்பது எட்டு வருஷமாகத் தேடிய முத்து காமிக்ஸ். உள்ளே இதயம் தடதடவென்று ஓடும். முகத்திலோ துஷ்டி வீட்டுக்கு வந்த களை.

"என்னப்பா இது, முதுகே போயிருக்கு. பின்னெல்லாம் துரு. பேப்பர் பழுப்பு. ஏதோ பேரப்பையன் கிறுக்கட்டும்னு பார்க்குறேன். ஒரு அம்பது ரூபா வச்சுக்கோ."

கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "வச்சிட்டுப் போ சார். இந்த மாதிரி பேரப்பையனுங்களுக்கு வாங்குறவங்க இன்னைக்கு நீங்க நாலாவது ஆளு."

அதே புத்தகம் வீடு போய்ச் சேர்ந்து, பாலித்தீன் உறைக்குள் ஏறி, ஷூ பெட்டியிலிருந்து எடுத்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பீரோவில் ஒரு ராத்திரி படுத்து எழுந்தால், காலையில் அதற்கு எட்டு மார்க். பத்தியம் எதுவும் கிடையாது. கை மாறியதுதான் மருந்து. நேற்றைய குற்றங்கள் எல்லாம் இன்றைக்குக் குணங்கள் ஆகிவிடும். பழுப்பா? "அந்தக் காலத்துத் தாளோட இயற்கை நிறம் அதுதான் ஜி. வெள்ளையா இருந்தாத்தான் சந்தேகப்படணும்." லைப்ரரி முத்திரையா? "ஊர் வரலாறு ஜி." ஏழாம் வகுப்பு ஆ பிரிவா? "முதல் உரிமையாளர் கையெழுத்தோட இருக்கு." கடைசிப் பக்கம் இல்லையே என்றால், "முடிவை யூகிச்சிடலாம், வில்லன்தான் சாவான்" என்பார்.

இரண்டு சேகரிப்பாளர்கள் புத்தகத்தை மாற்றிக்கொள்ள உட்கார்ந்தால் அந்தக் காட்சியைத் தவறவிடாதீர்கள். புத்தகக் கண்காட்சி கேண்டீனில், மிளகாய் பஜ்ஜியை எட்ட நகர்த்தி வைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள்.

"என்னுது எட்டு ஜி. உங்களது நாலரை."

"என் கண்ணுக்கு என்னுதுதான் எட்டு ஜி. உங்களதுக்கு நாலரையே ஜாஸ்தி."

இரண்டு மணி நேரம் பேசுவார்கள். பூதக்கண்ணாடிகள் எதிரும் புதிருமாகப் பாயும். கடைசியில் இரண்டுமே நாலரை என்று ஒப்புக்கொண்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொள்வார்கள். ஆளுக்கொரு பஸ் பிடிப்பார்கள். பஸ் கிளம்பும்போது இருவர் பையிலும் இருப்பது எட்டு மார்க் புத்தகம். ஒருவருக்கும் நஷ்டமில்லாமல், இருவருக்கும் தலா மூன்றரை மார்க் லாபம் தருகிற இந்த வியாபாரத்தைப் பொருளாதாரம் படித்தவர்கள் இன்னும் கவனிக்கவில்லை.

"இவ்வளவு வச்சிருக்கீங்களே, ராத்திரி ஒண்ணை எடுத்துப் படிக்கிறதுதானே?" என்று மனைவி கேட்பது நியாயம்தான். எட்டு மார்க் புத்தகத்தைப் பிரித்தால் அது ஏழரை ஆகிவிடும். ஏழரையை வீட்டுக்குள் யார் விடுவார்கள்? எனவே படிப்பதற்கென்று மறுபதிப்பு வாங்குவார். சிவகாசிக்காரர்கள் பழைய மாயாவி கதைகளை மறுபடி அச்சிட்டுத் தருகிறார்கள். அதைச் சாய்வு நாற்காலியில் போட்டு, மடித்து, மிக்சர் தின்ற கையோடு புரட்டுவார்.

"அதே கதையா இது?"

"அதே கதைதான்."

"அதே படம்?"

"அதே படம்தான்."

"அப்போ பீரோவுல இருக்கிறது?"

"அது காமிக்ஸ்" என்பார். அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்பதில்லை. பீரோவில் புடவைக்கு இடம் போன நாளிலேயே கேட்டு முடித்துவிட்டார்.

இந்த இரண்டு மார்க்கும் போக மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. பத்துக்குப் பத்து. அமெரிக்காவில் அதை வாங்குவது குதிரைக்கொம்பு. நம்மவரோ தாராளமாகத் தருவார், ஒரே ஒரு நிபந்தனை: அந்தப் புத்தகம் அவர் கைக்குக் கிடைத்திருக்கக் கூடாது. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததே, அங்கே கருகிய காமிக்ஸ் எல்லாம் பத்து. போன மாதம் ஐந்து நிமிஷ தாமதத்தில் வேறொருவர் தூக்கிப்போன கட்டு முழுக்கப் பத்து. எல்லாவற்றுக்கும் மேலே, அவர் ஹாஸ்டலில் இருந்தபோது அம்மா பேரீச்சம்பழத்துக்குப் போட்ட பெட்டி. அதில் இருந்த ஒவ்வொன்றும் அச்சகத்திலிருந்து அப்படியே வந்தாற்போல் இருந்ததாகச் சத்தியம் செய்வார். அவற்றைப் படித்தவன் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டிய, கதாநாயகிக்கு மீசை வைத்த, அதே ஏழாம் வகுப்புப் பையன்தான் என்பதை அவருடைய தங்கை ஞாபகப்படுத்தினால் கோபம் வரும்.

அதனால் உங்கள் வீட்டுப் பரணில் இரண்டு மூன்று பழைய முத்துவோ லயனோ இருந்தால், எடுத்த எடுப்பில் அவரிடம் காட்டிவிடாதீர்கள், நாலரைதான் கிடைக்கும். "ஒரு பெட்டி இருந்துச்சு சார், போன வாரம்தான் யாரோ ஒருத்தர் கேட்டார், கொடுத்துட்டேன்" என்று சொல்லுங்கள். பார்க்காமலேயே பத்து மார்க் போடுவார். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, என்ன விலை பெறும் என்பதையும் அவரே சொல்லுவார். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் போன் செய்து, "பரண்ல இன்னும் ஒண்ணு ஒதுங்கிக் கிடந்துச்சு சார்" என்று கூப்பிடுங்கள். ஆட்டோவில் வந்து இறங்குவார். கையில் வாங்கியதும் முகம் துஷ்டி வீட்டுக்குப் போய்விடும். ஆனால் நேற்றுச் சொன்ன விலையைத் திரும்ப விழுங்க முடியாது. ஆறரையில் படியும். பணம் மட்டும் ரொக்கமாகத்தான் தருவார். ஜி-பேயில் அனுப்பினால் வீட்டில் இருக்கும் போனுக்கு மெசேஜ் போய்விடும்.