இறுக்கமும் தளர்வும்

கேள்வி: கப்பலில் நீராவி டர்பைனின் ஒரு முனையை இறுக முடுக்கிவிட்டு, மறுமுனையைத் தளர்வாக விடுகிறார்களாமே, அது அபாயமல்லவா?

பதில்: விடாமலிருப்பதுதான் அபாயம்! 10 மீட்டர் நீளமுள்ள எஃகு 250 டிகிரி செல்சியஸ் உஷ்ணம் ஏறினால், ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளும். இரு முனைகளையும் பிணைத்துவிட்டால் போல்ட் அறும், அன்றி உறை வளையும். ஆகையால், பற்சக்கரப் பெட்டியோடு நேர்கோடு பிசகாதிருக்க வேண்டிய பின்முனையை உறுதியாகப் பூட்டி, முன்முனையின் போல்ட் துளைகளை மட்டும் நீளவாட்டில் குடைந்து, பாதத்தின் அடியில் கிரீஸ் தடவி, சூடேறிய இரும்பு சற்றே கால் நீட்டிக்கொள்ள இடம் வைக்கிறார்கள்.

நீர்மூழ்கியிலோ இவ்விதம் விட்டுக்கொடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு; அங்கே சப்தமே பெரிய சத்துரு. 1966-இல் பிரிட்டிஷ் கடற்படையிற் சேர்ந்த ‘வேலியன்ட்’டில், டர்பைன்களையும் பற்சக்கரங்களையும் ஒரே மேடைமீது அமர்த்தி, அம்மேடையை ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிறுத்தியமையால், இயந்திரத்தின் அதிர்வு கப்பலின் உடற்கூட்டை எட்டிக் கடல்வழியே எதிரியின் செவிக்குச் செல்லாது பெரிதும் தணிந்தது.

குடும்பஸ்தர்கள் அறிந்த தர்மந்தான் இது: ஒரு பக்கம் உறுதி, மறுபக்கம் விட்டுக்கொடுத்தல், இரண்டும் சேர்ந்தால்தான் கப்பல் கரை சேரும்.